காய் எப்போது பறிக்கும் பதத்தை அடைகிறது?

மரத்தில் தொங்கும் காயைப் பறிக்கலாமா, இன்னும் பத்து நாள் விட்டுவைக்கலாமா என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் பழத்தைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. அவர் கண்முன் இருப்பது கடினமான, பச்சை நிறமான, வாசனை எழாத ஒரு காய். அது மரத்தை விட்டுப் பிரிந்த பிறகும் தன் மாற்றங்களைத் தொடர்ந்து நல்ல பழமாகுமா, அல்லது தோல் சுருங்கி, நிறம் மட்டும் மாறி, சப்பென்று வெம்பிப்போகுமா என்பதையே அவர் கணிக்க வேண்டியிருக்கிறது. மாங்காயில் இந்தக் கணிப்பு ஓரிரு வாரம் பிசகினாலும் பறித்த அன்று எவருக்கும் வேறுபாடு தெரிவதில்லை. பழுத்த பிறகு உண்பவருக்குத்தான் தெரிகிறது.

இங்கே இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முற்றுதல் என்பது காய் மரத்திலிருந்து உணவைப் பெற்று, தன் முழு அளவை எட்டி, விதையை வன்மையாக்கி, சதையில் இருப்புச் சேர்க்கும் காலம். கனிதல் என்பது அந்த இருப்பு உடைந்து இனிப்பாகி, சதை இளகி, மணமும் நிறமும் தோன்றும் காலம். முதலாவது மரத்தில் மட்டுமே நடக்கும். இரண்டாவது, சில பழங்களில், மரத்துக்கு வெளியேயும் நடக்கும். முற்றாத காயைக் கனியவைக்க எத்தனையோ வழிகள் உண்டு. முற்றாத காயைப் பறித்த பின் முற்றவைக்க ஒரு வழியும் இல்லை. பறிப்பு பற்றிய எல்லாச் சோதனைகளும் இந்த ஓர் இடைவெளியைச் சுற்றியே அமைந்தவை.

எந்தப் பழம் மரத்துக்கு வெளியே கனியும் என்பதற்கான அறிவியல் விளக்கம் வெப்பமண்டலத்தில் பிறந்ததன்று. 1920களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட், சார்லஸ் வெஸ்ட் என்ற இருவர் ஆப்பிளின் சுவாசத்தை அளந்தபோது, வளர்ச்சி முடிந்ததும் தணிந்திருந்த சுவாசம் கனியத் தொடங்கும் வேளையில் திடீரென உயர்ந்து, பின்னர் இறங்குவதைக் கண்டார்கள். கனியும் ஆப்பிள், பழுப்பதைத் தூண்டும் எத்திலீன் வாயுவை வெளியிடுகிறது என்பதை ரிச்சர்டு கேன் 1934இல் வேதியியல் முறையில் உறுதிப்படுத்தினார். இந்தச் சுவாச எழுச்சியும் எத்திலீன் பெருக்கமும் உள்ள பழங்கள் பறித்த பிறகும் கனியும். மா, வாழை, பப்பாளி, சப்போட்டா, பலா, சீத்தா, துரியன், மங்குஸ்தான், வெண்ணெய்ப்பழம் எனப்படும் அவகேடோ ஆகியவை இந்தப் பக்கம் நிற்கின்றன. அன்னாசி, லிச்சி, ரம்புட்டான், டிராகன் பழம், ஆரஞ்சு போன்றவற்றுக்கு அந்த எழுச்சி கிடையாது. பறித்த கணத்தில் என்ன இனிப்பு இருந்ததோ அதுவே முடிவு. கொய்யா வகைக்கு வகை மாறி இரு பக்கமும் நிற்கிறது.

இந்தப் பிரிவினை பயனுள்ளதுதான். ஆனால் அதை மட்டும் நம்பிப் பறித்தால் ஏமாற்றம் வரும். பப்பாளி சுவாச எழுச்சி உள்ள பழம். பறித்த பின் மஞ்சளாகும், மெத்தென்று ஆகும், மணக்கும். ஆயினும் அதன் இனிப்பு கூடுவதில்லை, ஏனெனில் சர்க்கரையாக மாறத்தக்க மாவுச்சத்து அதில் போதிய அளவு சேர்வதே இல்லை. அதன் சர்க்கரை கடைசி வாரங்களில் செடியிலிருந்து நேரடியாக வந்து சேர்வது. ஆகவே பறிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, இது தானே கனியுமா என்பதோடு நிற்பதில்லை. கனியும்போது இனிப்பாகவோ கொழுப்பாகவோ மாறுவதற்கு உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதே அடுத்த கேள்வி. என் கருத்தில் இந்த இரண்டாம் கேள்விதான் முதன்மையானது. தோலின் நிறம், முள்ளின் இடைவெளி, தட்டும்போது எழும் ஓசை, நாள் கணக்கு, கருவியின் எண் எல்லாம் அந்த உள்ளிருப்பை வெளியிலிருந்து படிக்கும் முயற்சிகளே.

மாங்காயில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். மாங்காயின் இருப்பு மாவுச்சத்து. பறிக்கும் வேளையில் சாற்றில் கரைந்துள்ள சர்க்கரை முதலிய பொருள்கள், அதாவது கரைதிடப்பொருள், 7 முதல் 10 பிரிக்ஸ் (ஏறத்தாழ விழுக்காடு) அளவே இருக்கக்கூடும். பழுத்த பின் அதே காய் 15 பிரிக்ஸைத் தாண்டும். எனவே பறிக்கும் அன்று இனிப்பை அளப்பதில் பெரிய பொருள் இல்லை. அதற்கு மாறாக, சதையின் ஒரு பகுதியை எடை போட்டு, நீர் முழுவதும் ஆவியாகும்வரை உலர்த்தி, மீண்டும் எடை போட்டால் கிடைக்கும் உலர்பொருள் விழுக்காடு நாளைய இனிப்பை நம்பத்தக்க அளவில் இன்றே சொல்லிவிடுகிறது. உலர்பொருள் கூடக் கூடப் பழுத்த பின் வரும் பிரிக்ஸும் ஏறத்தாழ ஒரே சீராகக் கூடுகிறது.

உலர்த்தும் அடுப்பு இல்லாதவர்கள் இதே உண்மையை நீரில் போட்டுக் கண்டுகொள்ளலாம். மாவுச்சத்து நீரைவிட அடர்ந்தது. அது சேரச் சேரக் காயின் ஒப்படர்த்தி, அதாவது நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஒன்றைக் கடந்து, முற்றிய காய் நீரில் மூழ்குகிறது. முற்றாதது மிதக்கிறது. சில வகைகளுக்கு ஒப்படர்த்தி 1.01 முதல் 1.02 வரை இருக்கும் காயே பறிக்கத் தகுந்தது என்று வரையறுத்திருக்கிறார்கள். இவ்வளவு எளிய சோதனையைப் பலர் பழங்காலத்து வழி என்று ஒதுக்குவது சரியன்று. இது அளப்பது உலர்பொருள் அளவீடு அளக்கும் அதே பொருளைத்தான். ஆனால் பறித்த பிறகே செய்ய முடியும் என்பதும், காம்புப் பக்கம் உள்ளே வெற்றிடம் விழுந்த காய் முற்றியிருந்தும் மிதக்கக்கூடும் என்பதும் இதன் குறைகள். ஆகவே இது மரத்தில் முடிவெடுக்க உதவுவதைவிட, பறித்த குவியலைத் தரம் பிரிக்கவே அதிகம் உதவும்.

மரத்தில் இருக்கும்போது பார்க்க வேண்டியது மாங்காயின் தோள். பிஞ்சில் காம்பிலிருந்து சரிந்து இறங்கும் தோள், காய் முற்ற முற்றப் பருத்து, காம்பு பொருந்தும் இடத்துக்குச் சமமாகவும் பின்னர் அதற்கு மேலாகவும் எழும்பி, காம்படியில் ஒரு சிறு பள்ளம் விழும். கன்னங்கள் உப்பும். தோலின் மேல் சாம்பல் பூத்தாற்போன்ற மெழுகுப் படலம் தெரியும். ஐயம் இருந்தால் ஓரிரு காயை அறுத்துப் பார்க்க வேண்டும்: கொட்டை கத்திக்கு இடங்கொடாமல் இறுகியிருக்கும், அதை ஒட்டிய சதை வெண்மை நீங்கி மஞ்சள் ஏறியிருக்கும். மஞ்சள் கொட்டையருகே தொடங்கி வெளிப்புறமாகப் பரவுவதால், அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதே முதிர்ச்சியின் அளவாகிறது.

இவற்றோடு ஒப்பிட்டால், தோலின் சிவப்பு ஏறக்குறையப் பயனற்ற அடையாளம். செந்நிறத் தோள் கொண்ட மா வகைகளில் அந்தச் சிவப்பு வெயில் பட்ட பக்கத்தில் தோன்றும் அந்தோசயனின் நிறமி. அது வெயிலின் கணக்கைச் சொல்கிறதே தவிர முதிர்ச்சியின் கணக்கைச் சொல்வதில்லை. இலைமறைவில் முற்றிய காய் பச்சையாகவே இருக்கும். வெளிக்கிளையில் முற்றாத காய் சிவந்து நிற்கும். சிவந்ததை முதலில் பறிக்கச் சொன்னால் தவறான காயே முதலில் கூடைக்கு வரும். அதுபோலவே மரத்தில் தனியாக ஒரு காய் மஞ்சளானதைக் கண்டு தோப்பு முழுவதும் தயார் என்று எண்ணுவதும் பிழையாகலாம். வண்டு துளைத்த காயும் அடிபட்ட காயும் காயத்தின் விளைவாகவே எத்திலீனைச் சுரந்து முந்திக்கொண்டு பழுக்கும். காயமில்லாத நல்ல காய்கள் காற்றடிக்காத நாளில் தாமாகப் பழுத்து விழத் தொடங்கினால் மட்டுமே அதைக் குறியாகக் கொள்ளலாம்.

நாள் கணக்கு எல்லாப் பழங்களுக்கும் பொதுவான துணை. ஆனால் மாவைப் போலப் பல வாரங்களில் விட்டுவிட்டுப் பூக்கும் மரத்தில் ஒரே கிளையில் இரண்டு மூன்று வெவ்வேறு வயதுக் காய்கள் இருக்கும். பூத்த நாளைக் குறிக்காத நாள் கணக்கு அங்கே வெறும் ஊகம். கொத்துகளுக்கு வாரத்துக்கு ஒரு நிற நாடா கட்டுவது செலவில்லாத ஏற்பாடு. வாழையில் இது நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது: தார் தள்ளிய வாரத்துக்கு ஒரு நிறம், அந்த நிறம் வந்தால் வெட்டு. அதிலும் நாளைவிட வெப்பமே சரியான அளவுகோல். பிரெஞ்சு கரீபியத் தீவுகளில் கேவண்டிஷ் வாழைக்குப் பூவிலிருந்து வெட்டுவரை 14 பாகை செல்சியஸுக்கு மேற்பட்ட அன்றாடச் சராசரி வெப்பத்தைக் கூட்டி, அது 900 பாகை-நாள் ஆனதும் வெட்டும் முறையை வகுத்தார்கள். சராசரி வெப்பம் 27 பாகை என்றால் நாளுக்கு 13 சேர்ந்து ஏறத்தாழ 70 நாளில் கணக்கு முடியும். 24 பாகை என்றால் 90 நாள் ஆகும். நாட்காட்டியை மட்டும் பார்ப்பவர், குளிர்ந்த பருவத்தில் முற்றாத தாரையும் வெப்பமான பருவத்தில் முற்றிப்போன தாரையும் வெட்டுவது ஏன் என்பது இந்த ஒரு கணக்கிலேயே விளங்குகிறது.

வாழையின் இன்னொரு தனித்தன்மை, அதில் முழுமையாக முற்றவிடுவதும் குற்றம் என்பது. இளங்காயின் குறுக்குவெட்டு கூரிய விளிம்புகளோடு கோணலாக இருக்கும். சதை நிறைய நிறைய விளிம்புகள் மழுங்கி உருண்டுவரும். முக்கால் பருமன், முழு முக்கால், முழுப் பருமன் என்று இதைப் படிநிலைகளாகச் சொல்கிறார்கள். ஏற்றுமதித் தோட்டங்களில் குறிப்பிட்ட சீப்பின் நடுக்காயை அளவுகோலால் பற்றி அதன் தடிமனைப் பார்க்கிறார்கள். முழுவதும் உருண்ட காயில் எடை அதிகம், சுவையும் அதிகம். ஆனால் அது பச்சையாக நிற்கும் காலம் குறைவு. கப்பலில் ஒரே ஒரு தார் வழியில் பழுத்தால் அது விடும் எத்திலீன் அருகிலுள்ள பெட்டிகளையும் பழுக்கவைத்துவிடும். எனவே தொலைதூரம் போகும் வாழை முக்கால் பருமனில் வெட்டப்பட்டு, 13 முதல் 14 பாகையில் பயணம் செய்து, சேர்ந்த இடத்தில் பத்து லட்சத்தில் 100 பங்கு எத்திலீன் கொண்ட அறையில் ஒரு நாள் வைக்கப்பட்டுப் பழுக்கவைக்கப்படுகிறது. அப்போது சதையில் 20 விழுக்காடு அளவிலிருந்த மாவுச்சத்து ஒன்றிரண்டு விழுக்காடாகக் குறைந்து, அந்த இடத்தைச் சர்க்கரை பிடிக்கிறது. மரத்திலேயே பழுக்கவிட்டால் இதைவிட நன்றாக இருக்குமென்று எண்ணத் தோன்றும். உண்மையில் செடியிலேயே விடப்பட்ட தார் ஒரே சீராகப் பழுக்காமல் தோல் வெடிப்பதே அதிகம்.

வெண்ணெய்ப்பழத்தில் வெளித்தோற்றம் ஏறத்தாழ மௌனமாகவே இருக்கிறது. அது மரத்தில் கனிவதே இல்லை. முற்றிய பின்னும் மாதக்கணக்கில் கடினமாகத் தொங்கிக்கொண்டிருந்து, பறித்த பிறகே மெத்தென்று ஆகும். அதன் இருப்பு மாவுச்சத்தன்று, எண்ணெய். முற்றாமல் பறித்தது ரப்பர்போல் இறுகிச் சுருங்குமே தவிர வெண்ணெய்போல் ஆவதில்லை. இத்தகைய காய்கள் பருவத்தின் முதல் விலைக்காகச் சந்தைக்கு வந்து வாங்குபவரை விரட்டிவிட்டதால், கலிஃபோர்னியா 1925இலேயே குறைந்தது 8 விழுக்காடு எண்ணெய் இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. எண்ணெயைப் பிரித்து அளப்பது ஆய்வக வேலை. ஆனால் சதையில் எண்ணெய் ஏறும் அளவுக்கு நீர் குறைகிறது. ஆகவே நீரை ஆவியாக்கி உலர்பொருளை அளந்தால் எண்ணெயின் அளவு தெரிந்துவிடும். 1983இல் விதி இந்த முறைக்கு மாறியது. ஹாஸ் வகைக்குக் குறைந்த அளவு 20.8 விழுக்காடு. இதற்கு ஒரு நுண்ணலை அடுப்பும் ஒரு தராசும் போதும். எனினும் சட்டம் வகுப்பது கீழ் எல்லையை மட்டுமே. அந்த எல்லையைத் தொட்ட காய் உண்ணத்தக்கது. அதைத் தாண்டி மரத்தில் சில வாரம் நின்றது சுவைக்கத்தக்கது. ஒரு காயை அறுத்துப் பார்க்க முடிந்தவருக்கு இன்னொரு குறிப்பும் கிடைக்கும்: முற்றிய காயில் விதையின் உறை தடித்த வெண்மை நீங்கி, காகிதம்போல் மெலிந்து பழுப்பாகியிருக்கும்.

இருப்பே இல்லாத பழங்களில் கணக்கு தலைகீழாகிறது. அங்கே இன்றைய இனிப்புதான் நாளைய இனிப்பு. அன்னாசியின் சாற்றை ஒரு துளி எடுத்து, பிரிக்ஸை அளக்கும் ஒளிவிலகல்மானியில் வைத்தால் விடை கிடைத்துவிடும். கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தரவிதி அன்னாசிக்குக் குறைந்தது 12 பிரிக்ஸ் கேட்கிறது. துளியை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல்: அடிப்பகுதி முதலில் முற்றுவதால் அங்கே இனிப்பு மிகுந்தும் கொண்டைப் பக்கம் குறைந்தும் இருக்கும். அடியை மட்டும் அளந்து தேறிய பழம் மேற்பாதியில் புளிக்கும். வெளியே, கண்கள் தட்டையாகி அகன்று, அடியிலிருந்து மஞ்சள் ஏறிவரும். அந்த மஞ்சளைச் செயற்கையாகவும் வரவழைக்கலாம். எத்தெஃபான் என்ற வேதிப்பொருளைத் தெளித்தால் அது திசுவில் எத்திலீனாகப் பிரிந்து தோலின் பச்சையத்தைக் கலைக்கிறது. சர்க்கரையை அது உண்டாக்குவதில்லை. லிச்சியிலும் சிவப்பை மட்டும் நம்பாமல், தோலின் கூர்மையான புடைப்புகள் தணிந்து தட்டையாகியிருக்கின்றனவா என்று பார்ப்பதும், இனிப்புக்கும் புளிப்புக்கும் உள்ள விகிதத்தை அளப்பதும் வழக்கம்.

பப்பாளி இந்த இரு கூட்டத்துக்கும் நடுவில் நிற்பதால் அதன் பறிப்பு வேளை குறுகியது. காயின் நுனியில் பச்சைக்கு நடுவே முதல் மஞ்சள் கீற்று தோன்றுவதற்கு முன் பறித்தால் இனிப்பு என்றைக்கும் வராது. கால் பங்குக்கு மேல் மஞ்சளாகும்வரை விட்டால் பழ ஈயும் பறவையும் முந்திக்கொள்ளும், பெட்டியில் நசுங்கும். அந்த முதல் கீற்றிலிருந்து கால் பங்கு வரையிலான நாள்களே உகந்தவை. ஹவாயின் தரவிதி 11.5 விழுக்காடு கரைதிடப்பொருளைக் கேட்பது இதைக் கருதியே. கீறினால் வடியும் பால் வெண்மை குன்றி நீர்த்திருப்பதும் முதிர்ச்சியின் குறி.

நிறத்தை நம்பலாமா என்பதற்கு வெப்பமண்டலம் தரும் விடை பொதுவாகத் தயக்கம் நிறைந்தது. பச்சையம் சிதைவதும் சதை கனிவதும் தனித்தனி வினைகள். இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. இரவும் வெப்பமாக இருக்கும் தாழ்நிலங்களில் ஆரஞ்சு உள்ளே முழுவதும் இனித்தும் தோல் பச்சையாகவே இருக்கும். கேவண்டிஷ் வாழையை 24 பாகைக்கு மேல் பழுக்கவைத்தால் சதை கனிந்துவிடும், தோலில் பச்சை மாறாது. ஆகவே நிற அட்டையை வைத்துப் பறிக்கும் முறை ஒரு பருவத்தில் சரியாகவும் அடுத்த பருவத்தில் தவறாகவும் போவதில் வியப்பில்லை. நிறம் உண்மையாகவே பயன்படுவது மங்குஸ்தானில்: வெளிர்பச்சைத் தோலில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் சிதறித் தோன்றியதும் பறித்தால், சில நாளில் அது தானாகக் கருஞ்சிவப்பாகி முழுச் சுவையோடு கனியும். புள்ளி தோன்றாததைப் பறித்தால் நிறம் வரலாம், சுவை வருவதில்லை.

பலா, துரியன் போன்ற முள் மூடிய பெரும்பழங்களில் கண்ணைவிடக் காதும் கையும் உதவுகின்றன. பலாவில் முற்றாத காயைத் தட்டினால் இறுகிய ஓசையும், முற்றியதில் மந்தமான, உள்ளீடற்ற ஓசையும் எழும். முட்கள் அகன்று தட்டையாகி, அழுத்தினால் சற்று இளகும். காம்பின் மேல் உள்ள கடைசி இலை மஞ்சளாகும். துரியனில் காம்பு முறியும் வளையம் தடிக்கும், முள்ளின் நுனி பழுப்பாகும். தானாக விழும்வரை காத்திருப்பவர்களுக்கு இந்த ஆராய்ச்சி தேவையில்லை, ஆனால் விழுந்த துரியன் சில நாளே தாங்கும். ஏற்றுமதிக்காக வெட்டுபவர்களுக்கோ தட்டிப் பார்ப்பவரின் காது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. மோந்தோங் வகைக்குச் சதையில் குறைந்தது 32 விழுக்காடு உலர்பொருள் வேண்டும் என்று தாய்லாந்து வரையறுத்ததற்கு முற்றாத துரியன் சந்தைக்கு வந்துகொண்டிருந்ததே காரணம். சப்போட்டாவுக்கு நகமே கருவி: மேலுள்ள பழுப்புத் தூள் உதிர்ந்த தோலை மெல்லச் சுரண்டினால் உள்ளே பச்சை தெரியாமல் மஞ்சள் தெரிய வேண்டும், பாலும் அதிகம் கசியக் கூடாது. சீத்தாவில் கண்களுக்கு இடையிலான பள்ளங்கள் அகன்று வெளுக்கும்.

காயை அறுக்காமலே உலர்பொருளைச் சொல்லும் கையடக்கக் கருவிகளும் இப்போது உள்ளன. அண்மை அகச்சிவப்பு ஒளியைச் சதைக்குள் செலுத்தி, நீரும் சர்க்கரையும் மாவுச்சத்தும் எதை எவ்வளவு உறிஞ்சின என்பதிலிருந்து அவை கணக்கிடுகின்றன. மரத்திலேயே ஒரு காயைப் பல வாரம் தொடர்ந்து அளக்க முடிவது இவற்றின் பெரிய நன்மை. ஆனால் ஒரு மா வகைக்குப் பழக்கப்படுத்திய கருவி இன்னொரு வகைக்குத் தவறான எண்ணைத் தரலாம். புதிய பருவத்தில் சில காய்களை உலர்த்திப் பார்த்துக் கருவியின் எண்ணைச் சரிபார்க்காமல் நம்பக் கூடாது. கருவி எதுவானாலும், எந்தக் காயை அளந்தோம் என்பது அளவீட்டைவிடப் பெரிய பிழைக்கு இடமளிக்கும். வெயில் படும் வெளிக்கிளைக் காயும் உள்நிழல் காயும், சுமை மிகுந்த மரத்தின் காயும் சுமை குறைந்த மரத்தின் காயும் ஒரே நாளில் பூத்திருந்தாலும் ஒரே அளவு இருப்பைச் சேர்ப்பதில்லை. கைக்கெட்டிய பத்துக் காயை அளந்து தோப்பைத் தீர்மானிப்பதைவிட, நான்கு திசையிலும் உள்ளும் வெளியுமாகச் சிலவற்றை எடுத்து, சராசரியை மட்டும் பாராமல் மிகக் குறைந்தது எது என்பதையும் பார்ப்பது நல்லது. அந்தக் குறைந்த காயும் பெட்டிக்குள் போகப்போகிறது.

போகும் தூரம் பறிக்கும் பதத்தை மாற்றும் என்பது தெரிந்ததே. அது எவ்வளவு மாற்றலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு என்பது அவ்வளவாகக் கவனிக்கப்படுவதில்லை. நீண்ட பயணத்துக்காக முன்கூட்டிப் பறித்த காயைக் குளிரில் வைத்துக் காப்பாற்றிவிடலாம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் முற்றாத காய்தான் குளிரால் அதிகம் கெடும். முற்றிய பச்சை மாங்காயே 13 பாகைக்குக் கீழே நெடுநாள் இருந்தால் தோல் கருமை படர்ந்து, பிறகு சரியாகப் பழுக்காமல் போகும். முற்றாதது அதற்கும் முன்னதாகவே பாதிக்கப்படும். பழுக்கத் தொடங்கியது இன்னும் சற்றுக் குறைந்த வெப்பத்தையும் தாங்கும். ஆகவே தூரத்துக்காகப் பறிப்பை முன்தள்ளுவது முதிர்ச்சியின் கீழ் எல்லை வரையில்தான் பயன் தரும். அந்த எல்லை தம் தோப்பில், தம் வகையில் எங்கே விழுகிறது என்பதை அறிய விரும்புபவர், பறிப்புக் காலத்துக்கு மூன்று வாரம் முன்பிருந்து சில நாள்களுக்கு ஒருமுறை ஒரு சிறு கூடைக் காயைப் பறித்து, நாள் எழுதி, ஒரே அறையில் ஒரே வெப்பத்தில் பழுக்கவைத்து, எந்த நாள் கூடையிலிருந்து சுருக்கமும் சப்பும் நிற்கின்றன என்று உண்டு பார்க்கலாம். அடுத்த ஆண்டு அந்த நாளில் காயின் தோளும் உள்நிறமும் உலர்பொருளும் எப்படி இருந்தன என்ற குறிப்பு கையில் இருக்கும்.